கல்யாணக் கோட்டு

அலுமாரியின் மூன்றாவது தட்டையும் ஆறாயி கட்டிலில் கொட்டிப் பார்த்தாள். அக்காவின் அடையாள அட்டை அதிலும் இல்லை. முன்னறையில் ஹியூபேட் அத்தான் பெட்டிக்குள் கிடந்தார். மூன்று மணிக்கு மூடிவிடுவார்கள். கொட்டாஞ்சேனையிலிருந்து மயானம் போய்ச் சேருவதற்குள் இரண்டு சோதனைச் சாவடிகள். புருஷனைப் புதைக்கப் போகிறாள் என்பதற்காக, அட்டை இல்லாத தமிழ்ப் பொம்பிளையை விட்டுவிட மாட்டார்கள்.

கல்யாணமான மாதமே அத்தான் அதை வாங்கி வைத்துக்கொண்டார். அவர் அடித்த காயம் ஒரு கிழமையில் ஆறிவிடும். அட்டை இல்லாமல் வெளியே போனால் ஆமி பிடிக்கும், பிடித்தால் நான் தேடி வரமாட்டேன், உன்னைத் தேட வேறு யார் இருக்கிறார்கள் என்று அக்கா சோறு போடும்போதெல்லாம் மெதுவாகச் சொல்வாராம். அதுதான் ஆறவில்லை. தங்கச்சி ஆறாயி ஒரு பஸ் தூரத்தில், தெஹிவளையில் இருந்தும், பதினொரு வருஷத்தில் அக்கா ஒரு தரம்கூட பஸ் ஏறி வந்ததில்லை.

செத்த வீட்டுக்கு வந்தவர்கள் அவரைத் தங்கமான மனுசன் என்றார்கள். குடிக்க மாட்டாராம், சத்தம் போட மாட்டாராம். ஆறாயி நாலாவது தட்டில் இருந்ததை இழுத்துப் போட்டாள்.

“கோட்டுல இருக்கு,” என்றாள் பாக்கியலெட்சுமி, வாசலில் நின்றபடி.

“எந்தக் கோட்டுல, அக்கா?”

“போட்டிருக்காருல்ல, கல்யாணக் கோட்டு. உள்பையில.”

காலையில் பிரேதத்துக்கு உடுத்த மலர்ச்சாலைக்காரர் உடுப்புக் கேட்டபோது அந்தக் கோட்டை எடுத்துக் கொடுத்தவளே அவள்தான்.

“எப்பயிருந்து தெரியும்?”

“மொதல்லருந்தே. அலுமாரிய அவரு பூட்டுறதில்லயே.”

“அப்ப எடுத்திருக்கலாமே!”

“அவரு குடுக்காம எப்புடி எடுக்கிறது?”

தன் கை மேலே போனது ஆறாயிக்குத் தெரியவில்லை. அக்கா முழங்கையால் முகத்தை மறைத்த பிறகுதான் தெரிந்தது. கையை இறக்கிக்கொண்டு முன்னறைக்குப் போனாள். பூக்களை ஒதுக்கினாள். செபமாலை சுற்றியிருந்த கைகளுக்குக் கீழே விரலை நுழைத்துப் பொத்தானைக் கழற்றினாள். அத்தானின் தமையன் என்ன செய்கிறாய் என்று கேட்டார். அவள் உள்பையில் கையை விட்டு அட்டையை உருவினாள்.

அட்டையை நீட்டியபோது பாக்கியலெட்சுமி அதைப் பார்க்காமலே வாங்கினாள். பிறகு பெட்டிக்கு மேல் குனிந்து பொத்தானைப் பூட்டினாள், சுருங்கிய இடத்தை உள்ளங்கையால் நீவினாள், பூக்களை ஒவ்வொன்றாகப் பழைய இடத்தில் வைத்தாள். ஓர் எட்டுப் பின்னால் போய், யாரோ எடுத்தது தெரிகிறதா என்று பார்த்தாள்.