ராக்னாவின் வயிற்றில் இருந்த படகு

ராக்னாவுக்கு இரண்டாவது முறை எடுத்த வயிற்று எக்ஸ்ரேயில், இடுப்பெலும்புக்குச் சற்று மேலே, ஒரு துடுப்புப் படகு இருந்தது. அதில் இரண்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காட் மீனுக்கு நல்ல விலை கிடைத்த குளிர்காலம் அது. நார்வேயின் வடகரையிலிருந்த அந்தச் சிறு துறைமுக ஊரில் எக்ஸ்ரே படிக்கும் ஒரே டாக்டர் சிக்னே. வயிற்றுப் படங்களில் விழுங்கிய கரண்டியும் சாவியும் பார்த்துப் பழகியவள் என்பதால் படகுக்காக அவள் கூச்சல் போடவில்லை. ஆட்களை அடையாளம் தெரிந்ததும்தான் நாற்காலியைத் தேடினாள். ஒருவர் ராக்னாவின் கணவர் ஓட்வார். இன்னொருவன் சிக்னேயின் ஒரே மகன் ஐவின். போன பிப்ரவரியில் ஒன்றாகக் கடலுக்குப் போய்த் திரும்பாதவர்கள்.

வயிற்றுப் படத்தை ஓரத்திலிருந்து படிக்க வேண்டும். எலும்பு, நுரையீரலின் அடி, குடலிலுள்ள காற்று எல்லாம் பார்த்துவிட்டு, படம் எடுக்க அனுப்பிய டாக்டர் எதைக் கேட்டாரோ அதைக் கடைசியில்தான் தேட வேண்டும். கேட்டது முதலிலேயே கிடைத்துவிட்டால் மனம் நிறைந்துவிடும், கண் அதோடு நின்றுவிடும். இளம் டாக்டர்களிடம் இதை ஓயாமல் சொல்லி அவர்கள் உயிரை வாங்கியவள் சிக்னேதான். அவளே இப்போது அலமாரியிலிருந்து ராக்னாவின் முதல் படத்தை எடுத்து விளக்குப் பலகையில் மாட்டினாள். படகு காணாமல் போன வாரத்தில், தேடுதல் நடந்துகொண்டிருந்தபோதே எடுத்த படம். ராக்னா வலியில் சுருண்டு கிடந்தாள். சிறுநீரகக் கல் பளிச்சென்று தெரிந்தது. சிக்னே அதை எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு, மகனுக்காகக் காத்திருக்கத் துறைமுகத்துக்கு ஓடினாள். அந்தப் படத்திலும் படகு இருந்தது. அதன் பின்னால் எலும்பாகத் தெரிந்தது எலும்பில்லை, தெற்கேயுள்ள பறவைத் தீவின் முனை. ஊரில் எந்தக் குழந்தையும் சொல்லிவிடும். தேடியவர்களோ வடக்கே போயிருந்தார்கள். ஓட்வார் துடுப்புப் போட்டுக்கொண்டிருந்தார். ஐவின் எழுந்து நின்று இரண்டு கைகளையும் வீசிக்கொண்டிருந்தான். புதிய படத்தில் கரையே இல்லை, அவன் கைகள் மடியில் இருந்தன. சிக்னேக்குத் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ள வேண்டும் போலிருந்தது.

படங்களைத் திரும்ப அலமாரியில் செருகியிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. மறுநாள் ராக்னாவை வரவழைத்து இரண்டையும் காட்டி, நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். ராக்னா வெகுநேரம் பார்த்தாள்.

"தொப்பி போட்டிருக்காரா?"

"போட்டிருக்காரு."

"நல்லது. காதுல குளிர் பட்டா அவருக்கு ஆகாது." பிறகு, குரலை உயர்த்தாமல் சொன்னாள்: "நீ பாத்திருக்கணும், சிக்னே."

"ஆமா."

"உம்புள்ள உன்னப் பாத்துதான்டி கைய ஆட்டிருக்கான்."

சிக்னே விளக்குப் பலகையை அணைத்தாள். ஆறு மாதம் ராக்னா அவளோடு பேசவில்லை.

அதன்பின் ஆண்டுக்கொரு படம் எடுத்தார்கள். கல்லைப் பற்றிய வரிக்குக் கீழே சிக்னே எழுதுவாள்: 'தற்செயலாகக் கண்டது: படகு ஒன்று, ஆண்கள் இருவர். முந்தைய படத்திலிருந்து மாற்றமில்லை.' அறுவை மருத்துவர் படித்துவிட்டுத் தலையாட்டுவார். ராக்னா சட்டென்று குனிவதை விட்டாள். கடை வரிசையில் அவளை யாரும் இடிப்பதில்லை. ஞாயிறுதோறும் சிக்னே மீன் சூப்போடு அவள் வீட்டுக்குப் போவாள். சூப்பைக் கிண்ணங்களில் ஊற்றியதும் ராக்னா கம்பளிச் சட்டையைச் சற்று உயர்த்துவாள். சிக்னே அவள் இடுப்பெலும்புக்குச் சற்று மேலே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, சூப் ஆறிப்போகும்வரை அப்படியே உட்கார்ந்திருப்பாள். மகனுக்கு அதைவிடக் கிட்டே போக அவளுக்கு வழியில்லை.