உள்ளே காற்றுகூடப் போகாது

என் வீட்டுக்காரருக்குத் தெருவில் 'லேமினேஷன்' என்றுதான் பேர். ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிற எல்லாரும் லேமினேஷன் போடுகிறார்கள்தான். ஆனால் கண்ணில் பட்டதையெல்லாம் போடுகிற மனுஷனை நான் வேறெங்கும் பார்த்ததில்லை. மகளின் பள்ளிக்கூட அட்டவணை, பல் டாக்டர் எழுதிய சீட்டு, என் தம்பி எப்போதோ போட்ட கடிதம் எல்லாம் எங்கள் வீட்டில் பளபளவென்று இருக்கும். விட்டால் என்னையும் பிலிமுக்குள் தள்ளி ஓரம் நறுக்கிவிடுவார். வேலை முடித்துக் கையில் கொடுக்கும்போது வாடிக்கையாளர் ஒவ்வொருவரிடமும் ஒரே வசனம்: "உள்ள காத்துகூடப் போகாது."

கடைக்கு மேலே குழாய் உடைந்து, பில் போட்டு வைத்திருந்த அட்டைப்பெட்டி ஒருமுறை ஊறிப் போனது. அதிலிருந்துதான் இந்தக் கூத்து ஆரம்பம். பேப்பரும் டோனரும் வாங்குகிற மொத்தக் கடையில் தரும் பில்லையெல்லாம் இனி லேமினேஷன் போட்டுத்தான் வைப்பேன் என்றார். அந்த பில் மெல்லிசான வழவழப்புத் தாள். சூடு பட்டால் கறுத்துவிடும். அது அவருக்குத் தெரியாதா என்ன? அதனால் சூடே வேண்டாத, பசை தடவிய பிலிமை எடுத்தார். கடை மூடும் முன் ஒவ்வொரு பில்லாக வைத்து, குமிழி இல்லாமல் விரலால் நீவி ஒட்டுவார். பிலிம் என்ன சும்மாவா வருகிறது என்று நான் கத்துவேன். சிரித்துக்கொண்டே நீவுவார்.

அவர் சொன்ன காரணமும் நியாயம்தான். சரக்கு வாங்கும்போது நாங்கள் கட்டுகிற விற்பனை வரியை, வாடிக்கையாளரிடம் வசூலித்துக் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் கேட்டால் பில்லைக் காட்ட வேண்டும். எங்கள் கணக்கர் தொகையைக் குறித்துக்கொண்டு பில்லைத் திருப்பிக் கொடுத்துவிடுவார். இவர் அதை ஒட்டி, பெட்டியில் அடுக்கி, டேப் சுற்றிப் பரண்மேல் ஏற்றிவிடுவார்.

வரி அலுவலகத்திலிருந்து போன வருஷத்து பில்லைக் கேட்டு நோட்டீஸ் வந்தபோது நாங்கள் துளியும் பயப்படவில்லை. கணக்கர்தான் பயந்தார். பில் இல்லையென்றால் கழித்த வரி முழுவதையும் அபராதத்தோடு கட்ட வேண்டிவரும், கலர் மிஷினை விற்றால்தான் முடியும் என்றார். அந்த மிஷின்தான் எங்களுக்குச் சோறு. அது போனால் கறுப்பு வெள்ளை ஜெராக்ஸை வைத்துக் கடை வாடகைகூடத் தேறாது. இவரோ தலைக்கு எண்ணெய் தடவிச் சீவி, சுற்றிய டேப்பைக்கூடப் பிரிக்காமல் பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மாப்பிள்ளை மாதிரி கிளம்பினார். நானும் கூடவே போனேன்.

அலுவலகத்தில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார்கள். இவர் பெட்டியைப் பிரித்து முதல் கட்டு பில்லை எடுத்து மேஜைமேல் வைத்தார். அந்த அம்மா ஒன்றை எடுத்துப் பார்த்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்தார்கள்.

"என்னங்க இது, வெறும் தாளா இருக்கு?"

இவர் வெடுக்கென்று வாங்கினார். அடுத்ததை எடுத்தார். அதற்கடுத்ததை எடுத்தார். எல்லாம் வெள்ளை. மூலை மடங்காமல், கசங்காமல், குமிழி இல்லாமல், பளிங்கு மாதிரி வெள்ளை. கடைசிக் கட்டில் மட்டும் சாம்பல் நிறத்தில் ஏதோ ஓடியது. எண்ணா எழுத்தா என்று சொல்ல முடியவில்லை.

இந்தத் தாளில் பசை பட்டால் நாளாக ஆக எழுத்து போய்விடும், செல்லோடேப் ஒட்டிய பில்லே நிறைய இப்படி வருகிறது என்று அந்த அம்மா சொன்னார்கள். பிறகு நோட்டீஸில் எங்கள் கடையின் பேரைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்கள்.

"ஜெராக்ஸ் கடைதானே வெச்சிருக்கீங்க? ஒரு காப்பி எடுத்து வெச்சிருக்கலாமே."

நக்கலாகக் கேட்டிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன். நக்கல் இல்லை. நிஜமாகவே வருத்தப்பட்டுத்தான் கேட்டார்கள். ஊரார் காகிதத்துக்கெல்லாம் நாள் முழுக்கக் காப்பி எடுக்கிற எங்களுக்கு, நம் பில்லுக்கு ஒன்று எடுப்போம் என்று தோன்றவே இல்லை. வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

விற்றவரிடம் மறுபிரதி வாங்கி வரச் சொன்னார்கள். ஓடினோம். மொத்தக் கடை கைமாறியிருந்தது. பழைய கம்ப்யூட்டரைக் காயலான் கடையில் போட்டாயிற்று என்றார் புது முதலாளி. பழைய முதலாளிக்குப் போன் போட்டால் மகன் எடுத்தார். அப்பாவுக்கு ஆளே அடையாளம் தெரியவில்லை, எதைக் கேட்பது என்றார். அந்தக் கடையில் ரொக்கமாகக் கொடுத்தால் விலை குறையும் என்று எப்போதும் ரொக்கமாகவே கொடுத்ததால் வங்கியிலும் ஒரு தடயம் இல்லை. திரும்பவும் அந்த அம்மாவிடமே போய் நின்றோம். அடுக்கடுக்காக இருந்த வெள்ளைத் தாளைத் தொட்டுக் காட்டி, வாங்காத சரக்குக்கு யாராவது இவ்வளவு மெனக்கெடுவார்களா என்று கேட்டேன்.

"நான் நம்புறேம்மா. ஆனா நான் நம்புறதைக் கோப்புல வைக்க முடியாதே."

பஸ்ஸில் வரும்போது நான் திட்டவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்திருக்க வேண்டும். இரண்டு தடவை என் முகத்தைப் பார்த்தார். அசட்டையாக இருந்த மனுஷன் என்றால் வாங்கு வாங்கென்று வாங்கியிருப்பேன். இவர் பிள்ளைக்குத் தலை துவட்டுகிற மாதிரி ஒவ்வொன்றையும் நீவி வைத்தவர். என்னவென்று திட்டுவது? எனக்கு அழுகைதான் வந்தது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

உத்தரவு வந்தது. கணக்கர் சொன்னபடியேதான். அபராதத்தில் மட்டும் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். அது அந்த அம்மாவின் வேலையாக இருக்கும்.

கலர் மிஷினை வாங்க, பெரிய கடைத்தெருவில் பிரஸ் வைத்திருக்கிறவர் வந்தார். நான்கு பக்கம் அடித்துப் பார்த்தார். விலையை அடிமட்டத்துக்குக் குறைத்தார். நாங்கள் தலையாட்டினோம். கடைசியில், மிஷின் வாங்கிய பில் இருக்கிறதா, அது இல்லாமல் எடுக்க மாட்டேன் என்றார்.

எனக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாக இருந்தது. இல்லை என்று சொல்லிவிட்டால் போதும் என்று நினைத்தேன். பணத்துக்கு வேறு வழியே இல்லை என்று தெரிந்தும் நினைத்தேன்.

இவர் உள்ளே போய் எடுத்து வந்தார். அது முன்னொரு வருஷத்து பில், சாதாரணத் தாளில் அச்சடித்து இவர் லேமினேஷன் போட்டது. அதன் வரிக் கழிவு எப்போதோ முடிந்துவிட்டதால் அந்த அம்மாவிடம் அது உதவவில்லை. ஒரு எழுத்து போகவில்லை. மிஷின் எண், தேதி, வாங்கியவர் என்ற இடத்தில் எங்கள் கடைப் பேர் எல்லாம் நேற்று அடித்த மாதிரி கறுப்பாக நின்றன.

"பரவாயில்லையே, பில்லை இவ்வளவு பத்திரமா வெச்சிருக்கீங்க" என்றார் வந்தவர்.

இவர் சட்டை நுனியால் அதை ஒருமுறை துடைத்தார். வழக்கமான வசனம் வரும் என்று நான் காத்திருந்தேன். அதை வந்தவர் கையில் கொடுத்துவிட்டு, மிஷினின் வயரைப் பிடுங்கக் குனிந்தார்.