வாசலில் காய்ந்த கறுப்புச் சேலை

எண்பத்தொன்பதில் இரத்தோட்டையில் கறுப்புத் துணி காயப்போடுவது பெரிய வில்லங்கம். வீட்டுக்கு வீடு கறுப்புக்கொடி கட்டு, கட்டாவிட்டால் தெரியும் என்று, அரசாங்கத்தை எதிர்த்துக் கிளம்பிய சிங்களப் பொடியன்கள் நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். கட்டினவனைத் தூக்குவோம் என்று ராணுவம் ஒலிபெருக்கியில் சொல்லிக்கொண்டு போனது.

என் புருஷன் இராயப்பனுக்கு மறுநாள் முப்பதாம் நாள் பூசை. இவ்வளவு நாளும் உடுத்தியிருந்த இரவல் கறுப்புச் சேலையை மதினி திருப்பிக் கேட்டுவிட்டாள். அவள் தம்பி வீட்டிலும் சாவு. என் நீலச் சேலையைக் கறுப்புச் சாயத்தில் முக்கி எடுத்தேன். இனிக் காயவேண்டும். வீட்டுக்குப் பின்னால் மலை, வெயில் எட்டாது. அடுப்புக்கு மேலே போட்டால் திட்டுத்திட்டாகிவிடும். வெயில் இருந்தது ரோட்டுப் பக்கம் மட்டும். ஆறு கஜம் கறுப்பை அங்கே கயிற்றில் விரித்தால் எந்த மடையன் அதைச் சேலை என்பான்? முப்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷனுக்குக் கலர் சேலையில் பூசைக்குப் போக எனக்கு மனசு வரவில்லை.

ஈரத்தோடு உடுத்திக்கொண்டு வாசலில் போய் நின்றேன். முன்பக்கம் காய ஒரு மணித்தியாலம். பிறகு ரோட்டுக்கு முதுகைக் காட்டி நின்றேன். காலெல்லாம் சாயம்.

முதலில் சைக்கிளில் ஒரு பொடியன் வந்தான். பார்த்தான், தலையை ஆட்டிவிட்டுப் போனான். இந்த வீட்டில் கட்டியாயிற்று என்று நினைத்திருப்பான்.

அடுத்தது ஜீப். என்ன செய்கிறாய் என்று சிப்பாய் சிங்களத்தில் கேட்டான். சேலை காயவைக்கிறேன் என்றேன். யார் செத்தது என்றான். புருஷன் என்றேன். யார் சுட்டது என்றான். யாரும் சுடவில்லை, சோறு தின்று படுத்தவர் எழும்பவில்லை என்றேன். நம்பவில்லை. மரணச் சர்டிபிகேட்டை எடுத்து வந்து காட்டினேன். இரண்டு தரம் வாசித்தான்.

"உங்க ஐயா அதிஷ்டக்காரர், அம்மா."

கன்னத்தில் அறைந்திருப்பேன். அவன் கையில் துவக்கு இருந்தது. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

மறுநாள் அதே சேலையில் மாதா கோயிலுக்குப் போனேன். பக்கத்து வீட்டுச் சிங்கள நோனாவும் கூட வந்தாள். யாரோ வந்து கூட்டிக்கொண்டு போன அவள் மகன் மூன்று மாதமாகத் திரும்பவில்லை. பூசை முடிந்ததும் அவள் சாமியாரிடம் போய், மகனுக்கும் ஒரு முப்பதாம் நாள் பூசை வேண்டும் என்றாள். சாமியார் கொப்பியை விரித்து, செத்த தேதியைக் கேட்டார்.

நோனா என் பக்கம் திரும்பினாள்.

"எத்தனாந் தேதின்னு சொல்றது, திரேசம்மா?"