நாற்பத்து மூன்று கோப்புகளின் முதல் வரி

இரவு பன்னிரண்டரைக்கு, மடிக்கணினியை மூடாமல் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து அக்காவின் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தாள் சின்னவள்.

"அக்கா, தூங்கிட்டியா?"

"ஆமா."

"என்னை போலீஸ் பிடிக்குமாக்கா?"

அக்கா சுவர்ப் பக்கம் பார்த்தபடியே கேட்டாள். "எத்தனை மணிக்கு?"

"காலையில ஒன்பது மணிக்கு வெளியீடு. அதுக்கப்புறம் எப்ப வேணா."

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். மருந்துக்கடையில் பத்து மணி நேரம் நின்றுவிட்டு வந்தவள். கால் இரண்டும் தனியாகத் தூங்கிக்கொண்டிருந்தன.

சின்னவளுக்குப் பதினாறு வயது. பேருந்து நிறுத்தங்களில் அடுத்த வண்டி எப்போது வரும் என்று காட்டும் பலகைகளுக்கான கணினி நிரல் ஒன்று இணையத்தில் எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தியும் அனுப்பலாம். எட்டு மாதமாக அதில் அவளுக்கு ஒரு வேலை. ஒவ்வொரு கோப்பின் முதல் வரியிலும், அதை எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று ஓர் உரிமக் குறி இருக்கும். குறிகளுக்கென்று உலகப் பொதுவாக ஒரு பட்டியல் உண்டு. பட்டியல் மாறினால் கோப்பிலும் மாற்ற வேண்டும். நாதியற்றுக் கிடந்த வேலை, அதனால்தான் அவள் கைக்கு வந்தது. அங்கே அவளை ஆந்தை என்ற பட்டப்பெயரில் மட்டும்தான் தெரியும். "ஆந்தை, நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்று பெரிய பெரிய ஆட்கள் கேட்பார்கள். மற்றபடி அவள் கருத்தைக் கடைசியாகக் கேட்டவர் பல் டாக்டர், அதுவும் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு.

"என்னடி பண்ணித் தொலைச்ச?"

"ஜிபிஎல்னு ஒரு பொது உரிமம். அதோட ரெண்டாம் பதிப்புக்கு ஜிபிஎல் ரெண்டுன்னு ஒரு குறி. அதைப் பட்டியல்ல செல்லாததுன்னு தள்ளிட்டாங்க. ரெண்டாம் பதிப்பு மட்டுமா, இல்ல அதுக்கப்புறம் வர்ற பதிப்பும் சேர்த்தியான்னு அதுல தெரியலையாம். அதனால ரெண்டு புதுக் குறி. ஒண்ணு 'மட்டும்', இன்னொண்ணு 'அல்லது பிந்தையது'."

"நீ எதைப் போட்ட?"

"நாப்பத்து மூணு கோப்புலயும் பிந்தையது. ஒரே அழுத்துல."

"ஏன்?"

"தாராளமா இருக்கட்டும்னு."

"யார் வீட்டுச் சொத்துலடி தாராளம்?"

அதுதான் விஷயம். இன்று இரவு வேறு எதற்கோ ஒரு கோப்பைத் திறந்தவள் சற்றுக் கீழே படித்துவிட்டாள். 'இரண்டாம் பதிப்பு மட்டும். பின்னால் வருவது எதுவும் வேண்டாம்' என்று எழுதியவரே எழுதி வைத்திருந்தார். உடனே மற்றவற்றையும் புரட்டினாள். பதினொரு கோப்புகளில் அதே வாசகம், அதே ஆள். அங்கே மாற்றங்களுக்கு அனுமதி தரும் மூத்தவர்களில் ஒருவர், பட்டப்பெயர் பூட்டு. தன் கோப்பில் யாரோ ஒரு காலி வரியை நீக்கியதற்கு ஆறு பக்கம் கடிதம் எழுதியவர்.

அக்கா கொட்டாவியை முடித்துவிட்டுப் பேசினாள். "அதாவது, 'இந்த டாக்டர் சீட்டு இருந்தா மட்டும்'னு எழுதின பாட்டில்ல 'எந்த டாக்டர் சீட்டும் சரி'ன்னு ஒட்டிட்ட."

"ஆமா."

"எங்க கடையா இருந்தா வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. சொல்லிடு."

"சொன்னா என்னை எடுத்துடுவாங்கக்கா. வயசும் தெரிஞ்சுடும்."

"சொல்லலன்னா?"

"ஒன்பது மணிக்குப் புது நிரல் வெளியானதும் ஊர் ஊரா இறக்கிப்பாங்க. அவர் கொடுக்காத அனுமதி அவர் பேர்ல போயிடும். அப்புறம் ஒவ்வொருத்தர் கிட்டயா போய்த் திருப்பிக் கேக்க முடியாது."

"அப்ப ஏன் எங்கிட்ட வந்து உக்காந்திருக்க? நானா பூட்டு?"

மூன்று வரி எழுத நாற்பது நிமிடம் ஆனது. முதல் வடிவத்தில் அப்பாவுக்கு இதில் சம்பந்தமில்லை என்று ஒரு பத்தி இருந்தது. அக்கா அதை அடிக்கச் சொன்னாள். பொதுத்தேர்வு பற்றிய பத்தியையும். மிஞ்சியது தவறு, கோப்புகளின் பட்டியல், வெளியீட்டை நிறுத்துங்கள் என்ற வேண்டுகோள். கண்ணை மூடிக்கொண்டு அனுப்பினாள்.

ஏழாவது நிமிடம் பூட்டிடமிருந்து பதில் வந்தது. அவர் இருந்த நாட்டில் அப்போது பகல்.

'பார்த்தேன். அந்த மாற்றத்துக்குச் சரி சொன்னதே நான்தான். நாற்பத்து மூன்றில் ஒன்றைக்கூடத் திறந்து பார்க்கவில்லை. என் கோப்புகள் என்றுகூடத் தெரியாது. வெளியீட்டை மூன்று நாள் தள்ளிவிட்டேன். எல்லாவற்றையும் பழையபடி திருப்புங்கள். பிறகு ஒவ்வொன்றாகப் படித்துக் குறி போடுங்கள். ஒன்றும் எழுதாத கோப்பு இருந்தால் ஊகிக்க வேண்டாம், எழுதியவரைக் கேளுங்கள்.'

"என்னவாம்?" என்றாள் அக்கா, தலையணைக்குள்ளிருந்து.

"வேலை கொடுத்திருக்காரு."

"சம்பளம்?"

"இல்ல."

"நல்லா மன்னிச்சாரு. லைட்டை அணை."

சின்னவள் விளக்கை அணைத்துவிட்டுத் திரை வெளிச்சத்தில் எல்லாக் குறிகளையும் பழையபடி திருப்பினாள். பிறகு முதல் கோப்பைத் திறந்தாள். மேலிருந்து கீழ்வரை படித்தாள். 'மட்டும்' போட்டாள். இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதில் எதுவுமே எழுதியிருக்கவில்லை. மறுபடி ஒருமுறை தேடினாள். பிறகு எழுதியவரின் முகவரியைத் தேடி எடுத்து, 'வணக்கம், பதினொரு வருடத்துக்கு முன்னால் நீங்கள் எழுதிய ஒரு கோப்பைப் பற்றிக் கேட்க வேண்டும்' என்று ஆரம்பித்தாள்.