ஆறுதலா எடுங்கோ

அந்த நாற்காலி யாருடையது என்று தெரியாமல் ரோஷினிக்கு மண்டை காய்ந்தது. சிங்கப்பூர் ஈசூனில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் பன்னிரண்டாம் மாடியில், மின்தூக்கிக்கும் கடைசி வீட்டுக்கும் நடுவே, தாழ்வாரச் சுவரோரம் கை வைத்த மர நாற்காலி ஒன்று. அனாதைப் பொருள் என்றால் அதற்கு இத்தனை சிங்காரமா? போன வாரம் நீலப்பூ போட்ட மெத்தை உறை, இன்றைக்கு மஞ்சள் கட்டம். பொட்டுத் தூசி இல்லை. யாரோ அதைப் பெற்ற பிள்ளையைப் போல உடுத்தி விடுகிறார்கள். கேட்டால் மட்டும் வீட்டுக்கு வீடு ஒரே பதில், "எங்களது இல்லை லா!"

நகர மன்றத்தில் அவளுக்கு இந்த வட்டாரத்தைக் கவனிக்கும் வேலை. தீப்பிடித்தால் ஆட்கள் ஓட வழி வேண்டும். தாழ்வாரத்தில் பொருள் வைத்தால் அபராதம். நாளைக் காலை மேலதிகாரிகள் பார்வையிட வருகிறார்கள். அதற்குள் நாற்காலி போயாக வேண்டும். போகட்டும், ஆனால் யாருடையது? அதைத் தெரிந்துகொள்ளாவிட்டால் அவளுக்குச் சோறு இறங்காது. அப்படி ஒரு பிறவி.

நடு வீட்டுக் கதவைத் திறந்தவர் கமலாம்பிகை. யாழ்ப்பாணத்துக் குடும்பம், வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்.

"அது எங்கட இல்லைப் பிள்ளை," என்றவர், நாற்காலியை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். "நீங்கள் அதை ஆறுதலா எடுங்கோவன்."

அப்பாடா! மனசில் ஒரு குறையும் இல்லை, நிம்மதியாக எடுத்துக்கொண்டு போ என்கிறார். ரோஷினி அப்படித்தான் எடுத்துக்கொண்டாள். தன் போன் எண்ணைக் கொடுத்துவிட்டு, கையோடு துப்புரவு மேற்பார்வையாளர் ரத்னவேலைக் கூப்பிட்டுச் சொன்னாள். அவளுடைய மதியச் சாப்பாடு முடிவதற்குள் நாற்காலி கீழே குப்பை அறைக்குப் போய்விட்டது. கை கழுவும்போதே போன் அடித்தது.

"பிள்ளை, கதிரை எங்க?"

"எடுத்தாச்சு ஆன்ட்டி. நீங்கதானே ஆறுதலா எடுக்கச் சொன்னீங்க?"

"ஓம், ஆறுதலாத்தான் எடுக்கச் சொன்னனான்! இப்பிடி அந்தரப்பட்டு ஆர் எடுக்கச் சொன்னது? ருக்கையா இண்டைக்கு ஆஸ்பத்திரியால வாறா!"

ஐயோ! கமலாம்பிகையின் தமிழில் ஆறுதலாக என்றால் மெதுவாக, அவசரமில்லாமல். ஒரே தமிழ், ஒரே சொல். இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் போயிருக்கிறார்கள்.

மீதியைக் கமலாம்பிகை கொட்டித் தீர்த்தார். கடைசி வீட்டு ருக்கையாவுக்கு இடுப்பு தேய்ந்துபோய், மின்தூக்கியிலிருந்து ஒரே மூச்சில் வீடுவரை நடக்க முடியாது. பாதி வழியில் உட்காரத்தான் அந்த நாற்காலி. அறுவை சிகிச்சைக்குப் போன பிறகும் வீட்டுக்கு வீடு முறை வைத்து உறை மாற்றினார்கள். என்னுடையது என்று யார் வாயைத் திறந்தாலும் அபராதம் வரும். அதனால் அது எல்லாருடையதும்தான், யாருடையதும் இல்லை. சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்தால் வாசல் மிதிக்கமாட்டேன் என்று ருக்கையா வீம்பு பிடிக்கிறாராம்.

ரோஷினிக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தோடேயே ஓடினாள்.

குப்பை அறையில் நாற்காலி ஒரு பழைய அலமாரிக்கு அடியில் கிடந்தது. மஞ்சள் உறை முழுக்க அழுக்குத் தண்ணீர். லாரி வரும் சத்தம் கேட்டது.

"அவசரத்துல அண்டாக்குள்ளயும் கை போகாதுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்று முனகிக்கொண்டே ரத்னவேல் அலமாரியைத் தூக்கிப் பிடித்தார். "திரும்ப மேல வைக்கப் போறீங்களா மேடம்? நாளைக்கு யாரோடதுன்னு கேப்பாங்களே."

ரோஷினி நாற்காலியை இழுத்து நிமிர்த்தினாள். இரண்டு வாரமாக ஒரு மாடி முழுக்கச் சொல்லாத பதில் அவள் வாயில் வந்தது.

"என்னோடது."

மேலே எல்லாக் கதவுகளும் திறந்திருந்தன. கமலாம்பிகை பச்சை உறை ஒன்றோடு நின்றார். ஈரத் துணியை அவளிடம் நீட்டினார். ரோஷினி துடைக்க, அவர் உறையை மாட்டினார். கடைசி முடிச்சைப் போடும்போது மின்தூக்கி திறந்தது.

ருக்கையா கைத்தடி ஊன்றி வந்தார். மகன் பின்னால் வெறும் சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்தான். ஓர் அடி, ஒரு பெருமூச்சு, இன்னோர் அடி. பாதி வழியில் நின்றார். திரும்பிப் பார்க்கவில்லை. தடியை இடது கைக்கு மாற்றிக்கொண்டு, வலது கையை மட்டும் பின்னால் நீட்டி நாற்காலியின் கையைத் தேடினார்.

அது அங்கே இருந்தது.