நூறாவது பிள்ளை

வலிக்காத தொண்டைகளைத் தேடுவதுதான் என் வேலை. பள்ளிப் பிள்ளைகளை வாயைத் திறக்கச் சொல்லி, பஞ்சுக் குச்சியால் தடவி எடுத்து, ஆய்வகத்தில் கண்ணாடித் தட்டில் வளர்ப்பேன். தட்டில் தொண்டைப்புண் கிருமி வளரும். பிள்ளையோ ஜம்மென்று பந்து விளையாடிக்கொண்டிருக்கும். அந்தப் பிள்ளைகளுக்கு மருந்து தேவையில்லை, கிருமி பாட்டுக்கு இருந்துவிட்டுப் போகட்டும் என்பது எங்கள் ஆராய்ச்சியின் விதி.

அப்படி வலியில்லாமல் கிருமி மட்டும் இருக்கிற பிள்ளைகள் நூறு பேர் வேண்டும். தொண்ணூற்றொன்பதில் நின்றுவிட்டது, பள்ளிகளையும் மூடிவிட்டார்கள். வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்த கதையா என்று எரிந்துகொண்டிருந்தேன். அந்த நேரம் பார்த்துத் தங்கை தன் மகளைக் கூட்டிக்கொண்டு வந்தாள். ஏழு வயது, சரியான வாயாடி, என் செல்லம். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லையாம்.

குச்சியால் தடவிவிட்டுப் படிவத்தை எடுத்தேன். தொண்டை வலி உண்டா என்று ஒரு கட்டம். கேட்டேன்.

"கொஞ்சம், பெரியம்மா."

"கொஞ்சம்னா இல்லைன்னு எழுதிக்கலாம், கண்ணு."

இரண்டே நாளில் தட்டில் கிருமி செழித்தது. சும்மா குடியிருக்கிற கிருமிதான், ஒன்றும் செய்யாது என்று தங்கையிடம் சொன்னேன். அக்கா சொன்னால் அவளுக்கு மறுபேச்சு கிடையாது. நான் பொய் சொல்லவில்லை, நம்பித்தான் சொன்னேன், பாவி. மூன்று வருடமாக நல்லா இருக்கிற பிள்ளைகளையே பார்த்துப் பார்த்து, நோயாளிப் பிள்ளை என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு மறந்துபோயிருந்தது.

மூன்றாவது வாரம் அவளுக்கு முழங்கால் வீங்கியது. அப்புறம் மற்ற முழங்கால். அப்புறம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கியது. இதய வால்வு கெட்டுவிட்டது என்றார் டாக்டர். தொண்டைக் கிருமிக்கு அன்றைக்கே பத்து நாள் மாத்திரை கொடுத்திருந்தால் பெரும்பாலும் இது வந்திருக்காது. இனி மாதம் ஒரு ஊசி, வருடக்கணக்கில்.

நீ இருப்பதால்தான் தைரியமாக இருக்கிறேன் என்று தங்கை என் தோளில் சாய்ந்து அழுதாள். சொல்லிவிட நினைத்தேன். ஊர்ப் பிள்ளைகளின் வாயையெல்லாம் திறக்கவைத்த எனக்கு என் வாய் திறக்கவில்லை.

நேற்று ஊசி போடும் அறையில் தங்கை என் கையை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தாள். ஊசி போட்ட நர்ஸ், வலிக்கிறதா என்று பிள்ளையிடம் கேட்டார்.

"கொஞ்சம்," என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "கொஞ்சம்னா இல்லைன்னு எழுதிக்கோங்க. தொண்டை வலிச்சப்போ பெரியம்மா அப்படித்தான் எழுதினாங்க."

தங்கை என்னைப் பார்த்தாள். என் கையை விட்டுவிட்டாள்.