கண்ணுக்கு இதமான மஞ்சள்

அக்காவின் பெயிண்ட் கடையில் கம்ப்யூட்டரைத் திறந்தால் விளம்பரங்கள் எகிறிக் குதிக்கும். போதாக்குறைக்கு, அந்த வெள்ளை வெளிச்சம் அக்காவுக்குத் தலைவலி கொடுக்கும். மாலையில் கம்ப்யூட்டர் வகுப்புக்குப் போகும் தங்கை சின்னவளிடம் அதைச் சரிசெய்யும் வேலை வந்து சேர்ந்தது. பிரவுசரில் சேர்த்துக்கொள்ளும் கூடுதல் வசதிகளான எக்ஸ்டென்ஷன்களைப் பற்றி அந்த வாரம்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

பூட்டிய கதவைத் திரும்பப் போய் இழுத்துப் பார்க்கிற ரகம் சின்னவள். அன்றைக்கு மட்டும் எங்கிருந்துதான் துணிச்சல் வந்ததோ! விளம்பரத்தைத் தடுப்பது, எழுத்தைப் பெரிதாக்குவது, திறந்த பக்கங்களை அடுக்கி வைப்பது, திரையைக் கண்ணுக்கு இதமாக்குவது என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் போட்டுவிட்டாள்.

"அப்பாடா, இப்பத்தான் இது வாயை மூடிக்கிட்டு இருக்கு," என்றாள் அக்கா. தலைவலியும் போனது. சின்னவள் கொஞ்சம் நிமிர்ந்து நடந்தாள்.

இரண்டு நாள் கழித்துப் பாட்டு டீச்சர் பெயிண்ட் டப்பாவோடு வந்து நின்றபோது அந்த நிமிர்வு குலைந்தது. மகள் அறைச் சுவருக்குத் திரைச்சீலையின் நிறத்திலேயே பெயிண்ட் கேட்டு, துணிக்கடையின் இணையப் பக்கத்தில் இருந்த படத்துக்கு லிங்க் அனுப்பியிருந்தார். இப்போது துணியே வந்துவிட்டது. துணி வெளிர் நீலம். டப்பாவில் பாசி படிந்த குளம்.

"என்னங்க இது? உங்க கண்ணை நம்பித்தானே வந்தேன்?"

அக்காவிடம் நிறம் கலக்க இயந்திரம் கிடையாது. வெள்ளையில் சாயத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, கட்டைவிரல் நகத்தில் தொட்டு, திரைக்கு நேரே பிடித்துப் பார்த்துத்தான் கலப்பாள். அந்தக் கண்தான் கடைக்கு முதல்.

டீச்சர் துணியை வைத்துவிட்டுப் போன பிறகு, அக்கா ஒரு கண்ணை மூடித் துணியைப் பார்த்தாள். அடுத்த கண்ணை மூடிப் பார்த்தாள்.

"கண்ணு போச்சுன்னா கடையை யார்கிட்டயாவது கொடுத்துட வேண்டியதுதான்டி," என்றாள். குரலில் விளையாட்டு இல்லை.

தன்னால்தானோ என்று சின்னவளுக்குச் சுருக்கென்றது. ஆனால் மழை பெய்தாலும் தன்னால்தானோ என்று நினைக்கிறவள் அவள். அந்த நினைப்பை எப்படி நம்புவது? நம்பத் தேவையில்லை, பார்த்துவிடலாம் என்று பட்டது. துணிக்கடைப் பக்கத்தைத் திறந்து, துணியைத் திரையோரம் ஒட்டிப் பிடித்தாள். கையில் நீலம், திரையில் பச்சை.

"அக்கா, இங்க வா. நான் போட்டதை ஒவ்வொண்ணா நிறுத்தறேன். நீ படத்தை மட்டும் பாரு."

விளம்பரத் தடுப்பை நிறுத்தினாள். நான்கு விளம்பரங்கள் பாய்ந்து வந்தன, நிறம் மாறவில்லை. எழுத்து சுருங்கியது, நிறம் அப்படியே. அடுக்கி வைத்த பக்கங்கள் கலைந்தன. அப்போதும் அதே பச்சை. கண்ணுக்கு இதம் தருவதை நிறுத்தியதும் திரையில் பூசியிருந்த மஞ்சள் சட்டென்று கழன்றது. படத்தில் துணியின் நீலம்.

அக்கா வெள்ளை டப்பாவைத் திறந்தாள். புதிதாகக் கொஞ்சம் கலந்து, நகத்தில் தொட்டு, முதலில் திரைக்கும் பிறகு துணிக்கும் நேரே பிடித்தாள். மூன்றும் ஒன்றாக இருந்தன.

"அடிப் பாவி! ரெண்டு நாள் என்னைக் குருடியாக்கிட்டியேடி!" முதுகில் ஒன்று விழுந்தது. வலிக்கவில்லை. அக்காவின் கண் கலங்கியிருந்தது. கலங்கினாலும் நல்ல கண்.

சின்னவள் பதறிப்போய் எல்லாவற்றையும் அழிக்கப் போனாள்.

"ஏய், அந்த விளம்பரத்தை எதுக்குடி திரும்ப விருந்துக்குக் கூப்பிடறே? தடுக்கிறதைப் போடு. மஞ்சளும் இருக்கட்டும். கணக்கு எழுதறப்ப போட்டுக்கறேன், கலக்கறப்ப வேண்டாம். எங்க அமுக்கணும், காட்டு."

சின்னவள் காட்டினாள். அக்கா தானே அமுக்கினாள், திரை மஞ்சளானது. இன்னொரு தடவை அமுக்கினாள், வெளுத்தது. பிறகு பாட்டு டீச்சருக்குப் போன் போட்டாள்.

"டீச்சர், நாளைக்கு வந்து வாங்கிக்கங்க. கண்ணு நல்லாத்தான் இருக்கு. மஞ்சக் கண்ணாடி போட்டிருந்தது கம்ப்யூட்டர்தான்."